புதிய சாலை போடும்போது பழைய தாரை ஏன் சுரண்டி எடுக்கிறார்கள்?

நன்றாக இருக்கும் சாலையையும் சுரண்டுவது வீண்செலவு இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு நகரங்களில் நெடுங்காலமாகப் பழைய தார் அடுக்கின்மீதே புதிய அடுக்கைப் போட்டுவந்தார்கள். ஒவ்வொரு முறையும் சில சென்டிமீட்டர் மட்டுமே உயர்ந்தாலும், பல முறை போட்டபின் சாலை வீட்டு வாசற்படிக்கு மேலே சென்றுவிட, வடிகாலுக்குப் போகவேண்டிய மழைநீர் வீட்டுக்குள் புகுந்தது. வசதியுள்ளோர் ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்தினார்கள். மற்றவர்கள் வாசலில் சிமென்ட் தடுப்புக் கட்டிக்கொண்டார்கள். இதனால்தான் 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, மேற்பரப்பைச் சுரண்டி எடுத்து, அதே கனத்திற்கே மீண்டும் சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார்.

இதற்கான எந்திரத்தின் சுழலும் உருளையில் உள்ள பற்கள், குறித்த ஆழத்திற்குத் தாரைச் சீவி எடுத்து லாரியில் கொட்டும். அந்தக் கழிவைப் புதிய கலவையோடு சேர்த்து மறுபடி பயன்படுத்தவும் முடியும் என்பதால், செலவு முழுவதும் வீண் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் குறுகிய சந்துகளில் பெரிய எந்திரம் நுழையாது. ஒப்பந்ததாரர் பெயரளவுக்கு மேலோட்டமாகக் கீறிவிட்டுப் போவதும் உண்டு. ஆகவே பணி நடக்கும்போதே, சாலை மட்டம் உங்கள் வாசற்படிக்கும் பாதாளச் சாக்கடை மூடிக்கும் ஒத்துவருகிறதா என்று பார்த்து, அங்குள்ள உதவிப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். தார் இறுகியபின் கேட்பதில் பயன் குறைவு.