கழிமுகத்துக் குஞ்சு மீன்கள்: கேள்வி பதில்

கேள்வி: அலையாத்தி ஓடையில் வலை போட்டால் குஞ்சுகள் குவிகின்றன. இதை மீன்களின் நாற்றங்கால் என்று அறிக்கையில் எழுதலாமா?

பதில்: எண்ணிக்கையை மட்டும் வைத்து எழுதாதீர்கள். நாற்று அடர்த்தியாக நின்றால் போதாது, பிடுங்கி நட்ட வயலில் வேர் பிடிக்க வேண்டும். குஞ்சுகளின் அடர்த்தி, வளரும் வேகம், பிழைக்கும் விகிதம், வளர்ந்த மீன் திரளில் போய்ச் சேருவது என்று நான்கையும் பார்க்க வேண்டும். 2001-இல் பெக் என்ற ஆய்வாளரின் குழுவினர் வகுத்த வரையறையும் இதுதான்: ஒரு சதுர மீட்டரிலிருந்து திரளில் சேரும் மீன்கள் மற்ற வாழிடங்களின் சராசரியைவிட அதிகமாக இருக்க வேண்டும். இதில் ஒரு குறை உண்டு. சதுர மீட்டருக்குக் குறைவாகத் தந்தாலும், பரந்து கிடக்கும் சேற்றுவெளி மொத்தக் கணக்கில் முந்திவிடலாம். பரப்பையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: வேர்களுக்கிடையே கரைவலை சிக்குகிறது. வேறு வழி?

பதில்: ஓடையின் வாயை வலையால் அடைத்துவிடுங்கள். ஓதம் (கடலிலிருந்து ஏறி வற்றும் நீர்) முழுதாக ஏறி நீர் அசையாமல் நிற்கும் நேரத்தில், 3 மி.மீ. கண்ணுள்ள வலையைக் கரைக்குக் கரை கட்டி, அடிக்கயிற்றைச் சேற்றுக்குள் மிதித்து இறக்க வேண்டும். வற்றும்போது வேர்களிலிருந்து இறங்கி வரும் குஞ்சுகள் வலையில் தங்கும். கணக்கு தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். அடிக்கயிறு தூக்கிக்கொண்டால் தரையோடு போகும் மீன்கள் தப்பிவிடும். ஓடை முழுதும் வற்றாவிட்டால் மேல்குட்டைகளில் குஞ்சுகள் தங்கிவிடும். அந்தக் குட்டைகளையும் கைவலையால் துழாவி எண்ணுங்கள். பகலில் எடுத்ததை இரவில் எடுத்ததோடும், அமாவாசை ஓதத்தை எட்டாம் பிறை ஓதத்தோடும் ஒப்பிடக் கூடாது.

கடற்புல்லில் 1 சதுர மீட்டர் சட்டகத்தை மேலிருந்து சட்டென்று போட்டு, மூன்று முறை தொடர்ந்து ஒன்றும் அகப்படாத வரை அள்ளுங்கள். இழுவலை புல்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

கேள்வி: முட்டையிலிருந்து வெளிவந்த, சில மி.மீ. நீளமுள்ள மீனின் இளம்புழு ஆற்று நீரோட்டத்தை எதிர்த்து எப்படி உள்ளே வருகிறது?

பதில்: எதிர்ப்பதே இல்லை. ஓதம் ஏறும்போது மேல்நீருக்கு எழும்பி அதோடு உள்ளே போகும். வற்றும்போது ஓட்டம் தளர்ந்த அடித்தரையில் ஒதுங்கும். பல இனங்கள் இப்படித்தான் படிப்படியாக முன்னேறுகின்றன. அதனால் மேல்நீரில் மட்டும் வலை வைத்தால் வற்று நேரத்தில் ‘இளம்புழு இல்லை’ என்று தவறாகத் தோன்றும்.

கேள்வி: குஞ்சுகளை ஃபார்மலினில் வைத்திருந்தேன். செவிக்கல்லில் (மீனின் உள்காதிலுள்ள சிறு கல்) வயதைச் சொல்லும் நாள் வளையங்கள் தெரியவில்லை.

பதில்: ஃபார்மலினின் அமிலம் கல்லை அரித்திருக்கும். அந்த மாதிரிகளை வயதுக்குப் பயன்படுத்த வேண்டாம். அடுத்த முறை 95% எத்தனாலில், மீனைப்போல பல மடங்கு திரவத்தில் போட்டு, 24 மணி நேரத்தில் திரவத்தை மாற்றுங்கள். உடல்நீர் கலந்து எத்தனால் நீர்த்துவிடும் என்பதால்தான் இந்த மாற்றம்.

வளையம் தெரிந்தாலும் உடனே நாளாக எண்ணக் கூடாது. முதல் வளையம் விழும் நாள் இனத்துக்கு இனம் மாறும். சில குஞ்சுகளின் கல்லில் அலிசரின் சாயம் ஏற்றி, தெரிந்த நாட்கள் வளர்த்து, சாயக் கோட்டுக்கு வெளியே எத்தனை வளையம் விழுந்தது என்று சரிபாருங்கள்.

செவிக்கல்லின் ஸ்ட்ரான்ஷியம்-கால்சியம் விகிதத்தை வைத்து வாழிடம் சொல்லும் ஆசை பலருக்கு உண்டு. நன்னீரிலிருந்து உவர்நீருக்கு வந்ததை அது பொதுவாக நன்றாகக் காட்டும். ஆனால் உவர்ப்பு ஏற ஏற நீரில் அந்த விகிதம் மாறுவது குறைந்து, கோடு ஏறக்குறையப் படுத்துவிடும். ஒரே அளவு உவர்ப்புள்ள இரண்டு கழிகளை அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பேரியம், மாங்கனீஸ் போன்றவற்றையும் அளந்து, அதே கழிகளின் நீரையும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: தாய்மீன் நிறைய இருந்தும் இந்த ஆண்டு குஞ்சு வரவில்லை. ஏன்?

பதில்: முட்டையின் எண்ணிக்கை குஞ்சின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில்லை என்பதை 1914-இலேயே நார்வே மீன்வள ஆய்வாளர் யோர்ட் எடுத்துக்காட்டினார். மஞ்சட்கரு தீரும் நாளில் சரியான அளவுள்ள இரை கிடைக்காவிட்டால் பெரும்பகுதி மடிந்துவிடும். அதற்கு முன் எளிதானவற்றைப் பாருங்கள்: குஞ்சு வரும் மாதத்தில் மணல்திட்டு முகத்துவாரத்தை மூடியிருந்ததா? விடியலுக்கு முன் அடிநீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி.-க்குக் கீழே போகிறதா? நண்பகலில் அளந்தால் இது தெரியவே தெரியாது.

கேள்வி: சேற்றுவெளியில் அலையாத்தி நட்டால் குஞ்சு பெருகுமா?

பதில்: நடாதீர்கள். சராசரிக் கடல்மட்டத்துக்குக் கீழே நட்டவை பெரும்பாலும் மூழ்கிச் சாகும். சேற்றில் மேய்ந்த குஞ்சுகளின் இடமும் கெடும். அந்தப் பணத்தில், சாலைக்கு அடியில் அடைபட்ட குழாயை அகற்றி அகலமான மதகு வையுங்கள். ஓதம் மீண்டும் உள்ளே ஏறினால், ஏற்ற மட்டமுள்ள இடத்தில் விதைகள் தானே வந்து முளைக்கும்.