தாத்தாவின் சொற்களும் பேத்தியின் படிப்பும்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்ற மகள், நர்சிங்கோ வேளாண்மையோ வேண்டாம், தாத்தாவுக்கு வந்திருக்கும், சொற்களின் பொருள் மெல்ல மறைந்துபோகும் மூளை நோயான செமாண்டிக் டிமென்ஷியாவைப் பற்றி மூளை ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், இதை நம்பி அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அனுப்பலாம். ஆனால் அவள் ஆராய்ச்சியில் தொடங்காமல், பேச்சு, மொழிச் சிகிச்சை கற்றுத்தரும் படிப்பில் தொடங்கி, அங்கிருந்து ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கும்பகோணத்திலிருந்து சென்ற மாதம் தங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது திண்ணையில் கண்டதையே காரணமாகச் சொல்கிறேன். வயலில் இறங்கிய கொக்கையும் மடையானையும் காட்டி என்னவென்று கேட்டதற்குத் தங்கள் மாமனார் இரண்டையும் ‘கோழி’ என்றார். நாற்பது ஆண்டுகள் குறுவையும் தாளடியும் பார்த்த மனிதர் அவர். கடையில் புதிதாக வாங்கிவந்த பாக்குவெட்டியைக் கையில் கொடுத்தபோது, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “இது எதுக்கு?” என்று கேட்டார். ஆனால் தமது வெற்றிலைச் செல்லத்திலிருந்த பழைய பாக்குவெட்டியை எடுத்து, பேச்சை நிறுத்தாமலே பாக்கைச் சீவிப் போட்டுக்கொண்டார். முந்தின நாள் யார் வந்தார்கள், வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதெல்லாம் அவருக்குச் சரியாக நினைவிருந்தது. அல்சைமர் நோயின் தொடக்கத்தில் பெரும்பாலும் நேற்று நடந்தது மறக்கும்; இந்த நோயில் முதலில் கரைவது சொல்லின் பொருளும் பொருள்களைப் பற்றிய அறிவும்தான்.

1975இல் எலிசபெத் வாரிங்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார்; 1989இல் ஜூலி ஸ்னோடன் குழுவினர் இப்போதைய பெயரை வைத்தார்கள். மூளையில் காதுக்கு அருகே இருக்கும் டெம்போரல் மடலின் முன்பகுதி, பலருக்கு இடப்பக்கம் அதிகமாக, சுருங்குவதே இதற்கு அடிப்படை. ஒரு பொருளின் உருவம், ஓசை, பயன், பெயர் எல்லாம் வந்து கூடும் மையமாக அந்தப் பகுதி இயங்குகிறது என்று கேரலின் பேட்டர்சன் முதலியோர் 2007இல் விளக்கினார்கள். அந்த மையம் தேயும்போது நுணுக்கமான வேறுபாடுகள் முதலில் போகின்றன. கொக்கும் மடையானும் போய்க் கோழி நிற்கிறது.

சிகிச்சை அறையில் இது என்ன மாற்றத்தைக் கொண்டுவருகிறது என்பதுதான் தங்கள் மகள் கற்க வேண்டியது. பக்கவாதத்தால் பேச்சிழந்தவரிடம் ‘மண்...’ என்று எடுத்துக் கொடுத்தால் ‘மண்வெட்டி’ என்ற சொல் பல நேரம் வந்துவிடும். அங்கே சொல்லின் பொருள் உள்ளே இருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது. இங்கே பொருளே தேய்ந்துவருவதால் அந்த உதவி அவ்வளவாகப் பயன்படுவதில்லை. ஆகவே “இது என்ன, சொல்லுங்கள் தாத்தா” என்று வீட்டிலுள்ளவர்கள் பரீட்சை வைப்பதை முதலில் நிறுத்த வேண்டும். அது அவரைக் கூசச் செய்வதோடு, தவறான விடையையும் மனத்தில் பதித்துவிடுகிறது. பொருளைக் காட்டி, பெயரை நாமே சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வைத்து, உடனே பயன்படுத்தவும் வைப்பதே நல்லது. பயிற்சி செய்த சொற்கள் திரும்ப வருவதையும், பயிற்சியை நிறுத்தினால் அவை மீண்டும் நழுவுவதையும் கிம் கிரஹாம் குழுவினர் 1999இல் ஒரு நோயாளியிடம் கண்டு எழுதியிருக்கிறார்கள். கற்ற சொல்லின் பலன் கற்காத சொல்லுக்குப் பெரும்பாலும் பரவுவதில்லை. எனவே அகராதியைத் திரும்ப ஊட்டுவது இயலாது. அன்றாடம் கைபடும் இருபது முப்பது பொருள்களைத் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றலாம். நோயைக் குணமாக்கும் மருந்து இன்று இல்லை என்பதையும் மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்; அதைத் தெரிந்துகொண்டு வருபவர்களே இத்துறையில் தளராமல் நிற்கிறார்கள்.

தமிழுக்கென்றே ஒரு வேலையும் காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் பொருந்தாத சொற்கள் பல உண்டு. இந்நோயாளிகள் அவற்றை வாசிக்கையில் தடுமாறுவது நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. தமிழிலோ பெரும்பாலும் எழுதியபடியே வாசித்துவிடலாம். தங்கள் மாமனார் தினத்தாளை உரக்க, தடங்கலின்றி வாசிப்பதால் அவருக்கு ஒன்றுமில்லை என்று உறவினர்கள் நம்பியது இதனால்தான். இரங்கத்தக்கவரைச் சொல்லும் ‘பாவம்’, பரதத்தில் வரும் ‘பாவம்’ என்று பொருளை வைத்தே ஒலி மாறும் சொற்களைக் கொண்டு ஒரு சோதனையை அமைக்க முடியுமா என்பது, தஞ்சைப் பக்கத்துப் பெண் ஒருத்தி முதுகலையில் எடுத்துச் செய்யத் தக்க கேள்வி.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி.ஏ.எஸ்.எல்.பி. எனப்படும் செவித்திறன், பேச்சு, மொழி குறித்த பட்டப்படிப்பு, பயிற்சி ஆண்டோடு சேர்த்து நான்கு ஆண்டுகள். அதன்பின் முதுகலை இரண்டு ஆண்டுகள். மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இதற்குப் பெயர்பெற்றது. எந்தக் கல்லூரியானாலும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அக்குழுமத்தின் பட்டியலிலேயே பாருங்கள். கல்லூரி விளம்பரத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். படித்து முடித்தவுடன் அவளிடம் வருபவர்கள் பெரும்பாலும் பேச்சு தாமதமான குழந்தைகளும் பக்கவாத நோயாளிகளுமாக இருப்பார்கள், வருமானமும் அவர்களிடமிருந்தே வரும். டிமென்ஷியா நோயாளிகள் அதற்கிடையே வருவார்கள். அது குறையன்று, இரண்டு நோய்களையும் அருகருகே பார்த்தவளுக்குத்தான் வேறுபாடு கைவரும்.

விண்ணப்பத் தேதிகள் வரும்வரை அவளை ஒரு வேலையில் இறக்குங்கள். மாமனாரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, தாத்தா தினமும் தொடும் இருபது பொருள்களைப் படம் எடுத்து, காலையில் காபி குடித்தபின் கால்மணி நேரம் பெயர் சொல்லிப் பழகட்டும். எது நின்றது, எது நழுவியது என்று தேதி போட்டு நோட்டில் எழுதட்டும். மண்வெட்டியைப் படம் எடுக்கும்போது துடைத்துக் கொண்டுவந்து கூடத்தில் வைக்க வேண்டாம். கொல்லையில், பூவரச மரத்தடியில் அது சாய்ந்திருக்கும் இடத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள்.