மகளுக்கு யூசியா, கம்யூனிட்டி காலேஜா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம், கிரீன் கார்டு உண்டு. என் ஒருவன் சம்பளம்தான், ஆண்டுக்கு 1,40,000 டாலர். மகள் பொருளாதாரம் படிக்க ஆசைப்படுகிறாள். யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, அவள் விரும்பிய டேவிஸ் வளாகம் கிடைக்கவில்லை. 529 என்னும் கல்விச் சேமிப்புக் கணக்கில் 60,000 டாலர் சேர்த்திருக்கிறேன். 401கே என்னும் ஓய்வுக்காலச் சேமிப்பில் கடன் எடுத்து, மிச்சத்துக்குப் பெற்றோருக்கு மத்திய அரசு தரும் பேரன்ட் பிளஸ் கடன் வாங்கி ரிவர்சைடுக்கு அனுப்பிவிடலாம் என்பது என் எண்ணம். மகளோ, இங்கேயே ஓலோனி என்னும் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் படிப்புத் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) இரண்டு வருஷம் படித்துவிட்டு டேவிஸுக்கு மாறிக்கொள்கிறேன் என்கிறாள். கம்யூனிட்டி காலேஜ் என்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று மனைவிக்கு வருத்தம். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வீட்டில் சரியாகக் கணக்குப் போட்டிருப்பது மகள்தான்.

யூசியில் விடுதியில் தங்கிப் படிக்க, கட்டணம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 42,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருஷத்துக்கு 1,68,000. கையிருப்பு போக 1,08,000 டாலர் துண்டு விழும். ஓலோனியில் கலிஃபோர்னியாவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு) 46 டாலர், வருஷத்துக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர். புத்தகம், பெட்ரோல், கைச்செலவு என்று தாராளமாகப் போட்டாலும் வருஷத்துக்கு 5,000-க்குள் முடியும், சாப்பாடும் படுக்கையும் உங்கள் வீட்டில். கடைசி இரண்டு வருஷம் டேவிஸில் 84,000. மொத்தம் 94,000, துண்டு விழுவது 34,000 மட்டும். அதில் 15,000-ஐ மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் மகள் பெயரிலேயே மத்திய அரசின் மாணவர் கடனாக எடுக்கலாம் (ஆண்டு வரம்பு 7,500). மீதி 19,000-ஐ நான்கு வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 400 டாலருக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டு வருஷத்தில் டேவிஸ் கட்டணம் ஏறத்தான் செய்யும், கையில் சற்றுத் தளர்வு இருக்கட்டும்.

ஒரு சின்ன விஷயம், பலர் கோட்டை விடுவது இதில்தான். ஓலோனி கட்டணத்தையும் புத்தகச் செலவையும் 529-இலிருந்து கட்டாதீர்கள், கைக்காசில் கட்டுங்கள். அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச்சலுகையில் முதல் 2,000 டாலர் செலவு முழுசாகவே வரியில் கழியும். 529-இல் கட்டிய அதே செலவுக்கு அந்தச் சலுகை கிடையாது. தம்பதியாக வரி கட்டுவோருக்கு 1,60,000 டாலர் வருமானம் வரை முழுச் சலுகை உண்டு, நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். முதல் இரண்டு வருஷப் படிப்பு ஏறக்குறைய இலவசம் என்றே சொல்லலாம். 529 பணமும் அதுவரை வளர்ந்துகொண்டிருக்கும்.

401கே கடனை மறந்துவிடுங்கள். ஐந்து வருஷத்தில் கட்டி முடிக்க வேண்டும், நடுவில் வேலை போனால் அடுத்த வரித்தாக்கல் கெடுவுக்குள் பாக்கியை எடுத்து வைத்தாக வேண்டும். முடியாவிட்டால் அது வருமானமாகிவிடும். வரி உண்டு, 59½ வயது ஆகாதவர் என்றால் பெரும்பாலும் 10 விழுக்காடு அபராதமும் சேரும். இன்றைய வேலை நிலவரத்தில் ஒற்றைச் சம்பளக்காரர் விளையாடக்கூடிய விளையாட்டா இது? பேரன்ட் பிளஸ்ஸில் வட்டி 9 விழுக்காட்டை ஒட்டி, அதற்கு முன்பே 4 விழுக்காட்டுக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 2026 ஜூலையிலிருந்து புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பும் உண்டு. ஆக, உங்கள் திட்டம் பாதி வழியில் நின்றுபோகவும் வாய்ப்பிருக்கிறது.

சரி, இதில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் சேருகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறார்கள். ஆறு வருஷத்துக்குள் இளங்கலைப் பட்டம் வாங்குவோர் ஆறில் ஒருவர் அளவுதான். கல்லூரி மாறும் மாணவர்கள் சராசரியாக 43 விழுக்காடு யூனிட்டுகளை இழக்கிறார்கள் என்று அரசுத் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2017-இல் மதிப்பிட்டது. கண்ட பாடத்தை எடுத்துவிட்டு, மூன்றாம் வருஷம் ‘இது செல்லாது’ என்று கேள்விப்படுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டு வருஷம் மூன்றரை ஆனால் நான் மேலே போட்ட கணக்கெல்லாம் காற்றில் போகும்.

கலிஃபோர்னியாவில் இதற்கு வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், பயன்படுத்துவது உங்கள் பொறுப்பு. எந்த ஓலோனி பாடம் டேவிஸில் எதற்கு ஈடு என்பது ‘அசிஸ்ட்’ இணையதளத்தில் இருக்கிறது. முதல் செமஸ்டருக்குப் பதியும் முன்பே அதைப் பார்த்து நான்கு செமஸ்டருக்கும் பட்டியல் போட்டுவிட வேண்டும். அப்புறம் ‘டேக்’ எனப்படும் மாறுதல் உறுதித் திட்டம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டாம் ஆண்டு செப்டம்பரில் மனுப் போட வேண்டும். கேட்கும் பாடங்களையும் ஜிபிஏ என்னும் மதிப்பெண் சராசரியையும் காப்பாற்றினால் இடம் உறுதி. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ இதில் இல்லை.

மகள் கணினி அறிவியல் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அந்தப் பாடத்துக்கு எல்லா வளாகமும் டேக் தருவதில்லை. கணிதம், நிரலாக்கம் என்று முன்தேவைகளும் நீளம். கையில் கிடைத்த இடத்தை விட வேண்டாம் என்றிருப்பேன்.

உங்கள் மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள்: பட்டத்தில் யூசி டேவிஸ் என்றுதான் இருக்கும், முதல் இரண்டு வருஷம் எங்கே படித்தாள் என்று அதில் போடமாட்டார்கள். முதல் இரண்டு வருஷ விடுதி வாழ்க்கை போய்விடும் என்பது உண்மையான இழப்பு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதைப் பற்றி வருத்தப்பட வேண்டியவள் மகள், அவளே வேண்டாம் என்கிறாள்.

ரிவர்சைடுக்குச் சம்மதம் சொல்ல மே 1 கடைசி. அதற்குள் மகளோடு போய் ஓலோனியில் மாறுதல் ஆலோசகரைப் பாருங்கள். பொருளாதாரத்துக்கு வேண்டிய கால்குலஸ் முதல் செமஸ்டரிலேயே கிடைக்குமா என்று கேளுங்கள். ‘இடம் இல்லை, அடுத்த வருஷம்’ என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், கணக்கைத் திருப்பிப் போடுவோம்.