கேள்வி பதில்: புல்பென் நம்பரை நம்பி பெட் கட்டலாமா?

கேள்வி: அண்ணா, நான் நியூஜெர்சில இருக்கேன், இங்க ஸ்போர்ட்ஸ் பெட்டிங் சட்டப்படி ஓகே. பேஸ்பால்ல அஞ்சாறு இன்னிங்ஸ் வரைக்கும் என் கணக்கு சரியா போகுது, அப்புறம் பாதில மாத்தி வர்ற ரிலீஃப் பிட்சர்ங்க, அதாவது புல்பென் ஆளுங்க வந்ததும் எல்லாம் கவுந்துடுது. ஈ.ஆர்.ஏ.வும் (ஒரு மேட்ச்சுக்கு உள்ள ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியா எத்தனை ரன் குடுக்குறார்ங்கிற கணக்கு) சேவ் எண்ணிக்கையும் (லீடைக் காப்பாத்தி எத்தனை மேட்ச் முடிச்சார்ங்கிறது) பாத்துதான் கட்டுறேன். வேற எதைப் பாக்கணும்?

பதில்: தம்பி, நீங்க பாக்குற ரெண்டு நம்பருமே ரிலீவர் விஷயத்துல ஆளை ஏமாத்தும். மொதல்ல சேவ். 1969ல இருந்து அதிகாரபூர்வமா எண்ணுறாங்க. மூணு ரன் லீடோட ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வர்ற குளோசர் (மேட்ச்சை முடிச்சு வைக்கிற ரிலீவர்), ரெண்டு ரன் குடுத்துட்டு மேட்ச்சை முடிச்சாலும் அவருக்கு ஒரு சேவ் உண்டு, ஆனா அன்னைக்கு ஒரு நாள் ஈ.ஆர்.ஏ. போட்டா 18 வரும். இதை வெச்சு ஆளோட திறமையை எப்படி அளக்குறது?

ஈ.ஆர்.ஏ. கதை இன்னும் மோசம். ரெண்டு அவுட், மூணு பேஸ்லயும் ஆள் நிக்குது, புதுசா ஒரு ரிலீவர் உள்ள வர்றார், மொத பந்துலயே டபுள் (பேட்டர் ரெண்டாவது பேஸ் வரைக்கும் போற அடி) வாங்குறார், மூணு பேரும் ஓடி வந்துடுறாங்க, அடுத்த ஆளை ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல அவுட்) பண்ணிட்டு இறங்கிடுறார். அந்த மூணு ரன்னும் முன்னாடி போட்டுட்டுப் போனவர் கணக்குல ஏறும், இவரோட ஈ.ஆர்.ஏ.ல ஒரு பைசா ஏறாது. அதனால ஏற்கனவே பேஸ்ல நின்ன ஆளுங்கள்ல எத்தனை பேரை ஸ்கோர் பண்ண விட்டார்ங்கிற கணக்கைத் தனியா பாருங்க.

அப்புறம் ஒரு சீசனுக்கு ரிலீவர் போடுறதே 60, 70 இன்னிங்ஸ்தான். 20 இன்னிங்ஸ்ல 4 ரன் குடுத்தவருக்கு ஈ.ஆர்.ஏ. 1.80. ஒரே ஒரு ராத்திரி ஒரு அவுட்கூட எடுக்காம 4 ரன் குடுத்தா அது 3.60 ஆயிடும். ஆள் அதே ஆள், கை அதே கை, நம்பர் மட்டும் ரெண்டு மடங்கு. ஜூன் மாசம் இதைப் பாத்து நல்லவர் கெட்டவர்னு முடிவு பண்ணிப் பணம் போடுறது சரியே இல்ல. நூறு பேட்டர்ல எத்தனை பேரை ஸ்ட்ரைக்அவுட் பண்ணுறார், எத்தனை பேருக்கு வாக் (நாலு தப்பான பந்து, அதாவது பால் போட்டு மொத பேஸை சும்மா விடுறது) குடுக்குறார், ரெண்டுக்கும் எவ்ளோ இடைவெளி, இதுதான் சீக்கிரமா உண்மையைச் சொல்லும், ஏன்னா இதுல ஃபீல்டர் பிடிச்சானா விட்டானாங்கிற அதிர்ஷ்டம் கலக்காது.

ஆனா நான் எல்லாத்துக்கும் மேல வைக்கிறது வேற ஒண்ணு. இன்னைக்கு யாருக்குக் கை ஃப்ரெஷ்ஷா இருக்கு? என்கிட்ட ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கு. நான் ஃபாலோ பண்ற நாலு டீமுக்கும் ஒவ்வொரு ரிலீவர் பேருக்கு நேரா நேத்து எத்தனை பந்து, முந்தாநாள் எத்தனைன்னு பென்சில்ல எழுதி வெச்சிருப்பேன். நேத்து 24, முந்தாநாள் 19னு இருந்தா அவர் இன்னைக்கு வர்றது சந்தேகம்னு எடுத்துக்குவேன், மூணு நாள் தொடர்ந்து ஒருத்தரைப் போடச் சொல்ல மேனேஜருங்க தயங்குவாங்க. அப்போ எட்டாவது இன்னிங்ஸ்ல வரப்போறது நீங்க நம்புற ஆள் இல்ல, வரிசைல அஞ்சாவது ஆள். 2020ல இருந்து உள்ள வர்ற பிட்சர் குறைஞ்சது மூணு பேட்டருக்குப் போடணும், இல்ல அந்த இன்னிங்ஸ் முடியணும்னு ரூல் வேற இருக்கு, ஒரே ஒரு லெஃப்ட் ஹேண்டருக்காக ஒருத்தரைக் கூட்டி வந்து உடனே அனுப்புற வசதி போயிடுச்சு, அதனால அந்த அஞ்சாவது ஆளை ஒளிச்சு வைக்க முடியாது.

நல்ல ஆள் ஃப்ரெஷ்ஷா இருந்தாக்கூட மேனேஜர் கூப்பிடணுமே. 2016 அக்டோபர் 4, டொரான்டோல வைல்ட் கார்டு மேட்ச், தோத்தா சீசன் அவ்ளோதான். பால்டிமோர் குளோசர் ஜாக் பிரிட்டன் அந்த சீசன்ல 47க்கு 47 சேவ், ஈ.ஆர்.ஏ. 0.54. ஸ்கோர் 2-2 சமம்ங்கிறதால மேட்ச் பதினொண்ணாவது இன்னிங்ஸ் வரைக்கும் நீண்டது. பால்டிமோர் மேனேஜர் பக் ஷோவால்டர் அவரைக் கூப்பிடவே இல்ல, லீடு வந்தா போடலாம்னு வெளியூர் டீமுங்க குளோசரை இப்படிப் பொத்தி வைக்கிறது அப்போ சகஜம். அவருக்குப் பதிலா உபால்டோ ஹிமெனஸ் போட்டார், டொரான்டோவோட எட்வின் என்கார்னாசியோன் மூணு ரன் ஹோம்ரன் அடிச்சார், 5-2, பால்டிமோருக்கு சீசனே முடிஞ்சது. எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல. அதுலேர்ந்து வெளியூர் டீம் மேல பெட்டுன்னா, ஸ்கோர் சமமா இருக்கும்போது அந்த மேனேஜர் குளோசரை இறக்குவாரான்னு மொதல்ல பாத்துடுவேன்.

இவ்ளோ பாத்தாலும் ரேட்டைப் பாக்காம கட்டாதீங்க. மைனஸ் 150னா (100 டாலர் ஜெயிக்க 150 டாலர் கட்டணும்) அந்த டீம் நூத்துக்கு 60 தடவை ஜெயிச்சாத்தான் உங்க முதலே திரும்பும். புல்பென் களைச்சுப் போனது பெட்டிங் கம்பெனிக்கும் தெரியும், பாதி நாள் அது ரேட்டுலயே சேர்ந்திருக்கும். அன்னைக்கு நான் நோட்டை மூடிட்டு மேட்ச் மட்டும் பாப்பேன்.

கேள்வி: புல்பென் தொல்லையே வேண்டாம்னா வழி இருக்கா?

பதில்: இருக்கு, மொத அஞ்சு இன்னிங்ஸுக்கு மட்டும் கட்டுற பெட். ஸ்டார்ட்டரைப் (மேட்ச்சைத் தொடங்குற பிட்சர்) பத்தின தன் கணக்கு சரியா போகுதுன்னு மேல எழுதின தம்பிக்கு இதுதான் பொருத்தம். ஸ்டார்ட்டர் மூணாவதுலயே அடி வாங்கிப் போயிட்டா மட்டும் தப்ப முடியாது.

கேள்வி: அடுத்த பந்து ஸ்ட்ரைக்கா பாலான்னு கட்டுறாங்களே, அதுக்கு ரிலீவர் நம்பர் உதவுமா?

பதில்: தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க. 2025 நவம்பர்ல கிளீவ்லேண்ட் குளோசர் இமானுவேல் கிளாசே மேலயும் அதே டீம் பிட்சர் லூயிஸ் ஓர்டிஸ் மேலயும், பெட் கட்டுறவங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வெச்சுப் பந்து போட்டாங்கன்னு அமெரிக்க அரசு வழக்கறிஞருங்க குற்றம் சாட்டினாங்க, ரெண்டு பேரும் மறுத்திருக்காங்க. வழக்கு எப்படி முடிஞ்சாலும் சரி, ஒரே ஒரு பந்துங்கிறது ஒரே ஒரு மனுஷன் கையில இருக்கிற விஷயம், அதுக்கு எந்தப் புள்ளிவிவரமும் காவல் நிக்காது. குற்றச்சாட்டு வந்த அடுத்த நாளே லீக், பெட்டிங் கம்பெனிங்களோட பேசி இந்த மாதிரி பெட்டுக்கு 200 டாலர்தான் உச்சம்னு அறிவிச்சது, பார்லேல (பல பெட்டை ஒண்ணா கோர்த்துக் கட்டுறது) சேர்க்கவும் தடை. எனக்குக் கேட்டா அந்த 200ம் அதிகம்.