கப்ஸ் தோற்ற இரவில் மகளிடம் என்ன சொல்வது?

கேள்வி: நான் மதுரைக்காரன். வேலைக்காக வந்து, 7 வருஷமாக சிகாகோ பக்கத்தில் நேப்பர்வில்லில் குடும்பத்தோடு இருக்கிறேன். மகளுக்கு 11 வயது. பள்ளித் தோழிகளோடு சேர்ந்து சிகாகோ கப்ஸ் பேஸ்பால் டீம் மேல் உயிராக இருக்கிறாள். கப்ஸ் தோற்றால் அவளுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. சில நாள் அழுகையும் உண்டு. எனக்குக் கிரிக்கெட் தவிர வேறு எதுவும் தெரியாது. பேஸ்பால் போட்டால் அரை மணியில் தூங்கிவிடுகிறேன். அவளோடு உட்கார்ந்து பார்க்க ஆசைதான். ஆனால் 42 வயதில் திடீரென்று ஒரு டீமுக்கு ரசிகன் என்று சொல்லிக்கொள்வது நடிப்பு ஆகாதா? நண்பர்களோ, 'பிடிப்பதுதான் பிடிக்கிறாய், ஜெயிக்கிற டாட்ஜர்ஸைப் பிடி, பிள்ளையும் அழாது' என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகர், நேப்பர்வில்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

நடிப்பு ஆகாது. தாராளமாக ரசிகர் ஆகலாம், அதுவும் கப்ஸுக்கே ஆகலாம்.

'பிறவி ரசிகன்' என்று சொல்லிக்கொள்கிற சிகாகோக்காரர்கள் யாரும் பிறக்கும்போதே கப்ஸ் தொப்பியோடு பிறக்கவில்லை. அப்பாவோ தாத்தாவோ தலையில் ஒரு தொப்பியை மாட்டிப் பக்கத்தில் உட்காரவைத்திருப்பார். அந்த வயதில் பிள்ளைக்குப் பிடித்தது அப்பாவின் பக்கத்தில் உட்காருவது. டீம் பிறகுதான் பிடித்தது. நீங்கள் கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்ததும் அப்படித்தான் இருந்திருக்கும். எல்.பி.டபிள்யூ என்றால் என்னவென்று தெரிவதற்கு முன்னாலேயே பெரியவர்களோடு டிவி முன் உட்கார்ந்து கத்தியிருப்பீர்கள். உங்கள் வீட்டில் மகள் முந்திக்கொண்டுவிட்டாள், உங்களைக் கூட்டிப்போகப் போகிறவள் அவள். அவ்வளவுதான் வித்தியாசம்.

டாட்ஜர்ஸ் யோசனையை விட்டுவிடுங்கள். நல்ல டீம்தான். 2024, 2025 இரண்டு வருஷமும் உலகத் தொடரை, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் வருஷாந்திரக் கோப்பையை, வென்றவர்கள். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் மேட்ச் உங்கள் ஊரில் இரவு 9 மணிக்குத் தொடங்கும். பேஸ்பாலில் ஒரு மேட்சுக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு டீமும் ஒருமுறை பேட் செய்யும். பள்ளி நாளில் 11 வயதுப் பெண் அதில் எத்தனை பார்க்க முடியும்? ஒரு டீம் மனதுக்குள் நுழைய அது தினமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கப்ஸுக்கு இவ்வளவு ரசிகர்கள் உருவானதற்கே இதுதான் பெரிய காரணம். அவர்களுடைய சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டில் 1988 ஆகஸ்ட் வரை விளக்குகளே கிடையாது. அங்கே நடந்த மேட்செல்லாம் பகலில்தான். பள்ளி விட்டு ஓடிவரும் பிள்ளைகள் கடைசி இன்னிங்ஸ்களை டிவியில் பிடித்துவிடுவார்கள். பிறகு அந்த மேட்சுகளைக் காட்டிய சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். சேனல் கேபிள் வழியாக நாடு முழுக்கப் போனதும், சிகாகோவையே பார்த்திராத பிள்ளைகள்கூட கப்ஸ் ரசிகர்கள் ஆனார்கள். ஜெயிப்பதைப் பார்த்து வந்த கூட்டம் இல்லை அது. அந்தக் காலத்தில் கப்ஸ் ஜெயித்ததே குறைவு.

எவ்வளவு குறைவு என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் மகள் அழுகிற அழுகைக்கு நூறு வருஷப் பரம்பரை இருக்கிறது. 1908-இல் உலகத் தொடரை வென்ற கப்ஸ், அடுத்து வென்றது 2016-இல். நடுவில் 108 வருஷம். எர்னி பேங்க்ஸ் 1953 முதல் 1971 வரை இந்த ஒரே டீமுக்கு ஆடி 512 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, பந்து எல்லைச் சுவரைத் தாண்டும் அடி) அடித்தார். ஊரே அவரை 'மிஸ்டர் கப்' என்றது. அவர் காலத்தில் டீம் ஒரு தடவைகூட சீசனுக்குப் பிந்தைய ஆட்டங்களுக்குப் போகவில்லை. 1969-இல் கோடை முழுக்க முதலிடத்தில் இருந்துவிட்டு செப்டம்பரில் நியூயார்க் மெட்ஸிடம் கோட்டை விட்டார்கள். 'அடுத்த வருஷம் பாரு' என்பது தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாயில் இருக்கும் வார்த்தை.

அப்புறம் 2016. கிளீவ்லாந்து டீமோடு உலகத் தொடர், முதலில் நான்கு மேட்ச் ஜெயிப்பவருக்குக் கோப்பை, அதில் 3-1 என்று பின்தங்கி, மீண்டு வந்து, ஏழாவது மேட்ச். எட்டாவது இன்னிங்ஸில் கிளீவ்லாந்தின் ராஜாய் டேவிஸ் ஒரு ஹோம் ரன் அடித்து 6-6 என்று சமன் செய்தபோது, சிகாகோவில் எத்தனை பேர் டிவியை விட்டு எழுந்து போயிருப்பார்களோ. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமன். மழை வந்து 17 நிமிஷம் ஆட்டம் நின்றது. பத்தாவது இன்னிங்ஸில் பென் ஸோப்ரிஸ்ட் அடித்த அடியில் கப்ஸ் முந்தியது. 8-7 என்று முடிந்தது. ஆனால் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் நிற்பது மைதானத்தின் வெளிச்சுவர்தான். ரிக்லி ஃபீல்டின் செங்கல் சுவரில் மக்கள் சாக்பீஸால் பெயர்களை எழுதினார்கள். இதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்த அப்பாக்கள், பாட்டிகள், அண்ணன்களின் பெயர்கள். எட்டிய உயரம் வரை எழுதி, இடம் போதாமல் ஒருவர் தோளில் ஒருவர் ஏறியும் எழுதினார்கள். ஒரு டீமுக்கு ஆயுள் முழுக்க ரசிகராக இருப்பது என்ன என்பதற்கு அந்தச் சுவரை விட நல்ல பதில் எனக்குத் தெரியாது. யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோமோ அவர்களோடு சேர்ந்ததுதான் டீம்.

சரி, தூக்கத்துக்கு வருவோம். உங்களுக்குத் தூக்கம் வருவது பந்தை மட்டும் பார்ப்பதால். பேஸ்பாலில் பந்து பறக்காத நேரத்தில்தான் பாதி ஆட்டம் நடக்கிறது. பந்து வீசும் பிட்சரும், அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பிடிக்கும் கேட்சரும் அடுத்து என்ன போடலாம் என்று சைகையில் பேசிக்கொள்வதைப் பாருங்கள். எட்டாத பந்தை அடிக்காமல் விட்டால் அது 'பால்'; மட்டையை வீசித் தவறினாலோ நல்ல பந்தை விட்டாலோ 'ஸ்டிரைக்'. நான்கு பால் ஆனால் அடிப்பவர் முதல் பேஸுக்கு, அதாவது ஓடிச் சுற்ற வேண்டிய முனைகளில் முதலாவதுக்கு, சும்மாவே போகலாம்; மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட். மூன்று பால், இரண்டு ஸ்டிரைக் என்று வந்து நின்றால், பெரும்பாலும் அடுத்த பந்தில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். அந்தப் பந்துக்கு முன்னால் அரங்கமே எழுந்து நிற்கும். 2023-இலிருந்து, இத்தனை நொடிக்குள் வீச வேண்டும் என்று பிட்சருக்குக் கடிகாரமும் வைத்துவிட்டார்கள். முன்னைவிட ஆட்டம் சீக்கிரம் நகர்கிறது.

ஒரு ஸ்கோர் நோட்டும் பென்சிலும் வாங்கி, மகளைக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். ஃபீல்டர் நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. வெளியே நிற்கும் மூவரும் இடமிருந்து 7, 8, 9. முதல் பேஸில் பேட்டிங் டீமின் ஆள் ஒருவர் நிற்கும்போது பேட்ஸ்மேன் தரையோடு அடித்த பந்தை ஷார்ட்ஸ்டாப் பொறுக்கி, இரண்டாம் பேஸுக்கு வீசி, அங்கிருந்து அது முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேரும் அவுட் ஆனால், 6-4-3 என்று எழுத வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் மூன்று பேர் கை மாறிய பந்து அது. பேட்ஸ்மேன் மட்டையை வீசி ஸ்டிரைக் அவுட் ஆனால் ஆங்கில எழுத்து 'கே'. வீசாமல் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். நீங்கள் தப்பாக எழுதுவீர்கள், மகள் திருத்துவாள். அப்பாவுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கக் கிடைக்கும் வாய்ப்பை எந்தப் பிள்ளையும் விடாது.

டிவியை விட ரேடியோ நல்லது என்பது என் கட்சி. 670 ஏ.எம்.-இல் பேட் ஹியூஸ் பேசுகிறார், 1996-இலிருந்து கப்ஸின் குரல் அவர்தான். காரில் வரும்போதும் சமையலறையில் பாத்திரம் கழுவும்போதும் ஓடவிடுங்கள். அவரோடு 2010 வரை உட்கார்ந்து பேசியவர் ரான் சான்டோ. கப்ஸின் மூன்றாம் பேஸில் 1960-களில் ஆடியவர். 18 வயதிலேயே சர்க்கரை நோய் வந்து, டீமிலிருந்து அனுப்பிவிடுவார்களோ என்று பல வருஷம் அதை மறைத்தே ஆடினார். பின்னாளில் இரண்டு கால்களையும் எடுக்க வேண்டியிருந்தது. அப்போதும் மைக் முன்னால் வந்து உட்கார்ந்தார். 1998 செப்டம்பரில் மில்வாக்கியில், கடைசி இன்னிங்ஸில், பிடித்தால் ஜெயம் என்ற கேட்சை கப்ஸ் ஆட்டக்காரர் நழுவவிட்டபோது, சான்டோ 'ஓ நோ' என்று அலறியது ரேடியோவில் அப்படியே போனது. சம்பளம் வாங்குகிற வர்ணனையாளர் அப்படி அலறலாமா என்று அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. உங்கள் மகளுடைய அழுகையும் அதே ஜாதிதான்.

அதனால், அவள் அழும்போது 'வெறும் விளையாட்டுதானே' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த தோல்வியை அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். அவளுக்கு ஒரு கணக்கைக் காட்டுங்கள். ஒரு சீசனுக்கு 162 மேட்ச். கோப்பையை வென்ற அந்த 2016-இல்கூட கப்ஸ் 58 மேட்சில் தோற்றது. தோற்ற மறுநாளே பெரும்பாலும் இன்னொரு மேட்ச் இருக்கும். ஆகவே கொஞ்ச நேரம் அழவிட்டு, தட்டில் தோசையைப் போட்டு, 'நாளைக்கு யார் பிட்சர்?' என்று கேளுங்கள்.

இரண்டு விஷயங்களுக்கு அவளை முன்கூட்டியே தயார்படுத்த வேண்டும். ஒன்று, அவளுக்குப் பிடித்த ஆட்டக்காரர் ஒருநாள் வேறு டீமுக்குப் போய்விடுவார். 2021 ஜூலை கடைசியில், 2016-இன் நாயகர்களான ரிஸ்ஸோ, பாயெஸ், பிரையன்ட் மூவரையும் இரண்டே நாளில் மூன்று டீம்களுக்குக் கொடுத்துவிட்டது கப்ஸ் நிர்வாகம். பெரியவர்களே கலங்கிப்போனார்கள். அந்த மாதிரி நாளில் நிர்வாகத்தின் மேல் கோபப்படலாம், கோபப்படவும் வேண்டும். டீமை விட்டுப் போக வேண்டியதில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். 2003-இல் உலகத் தொடருக்குப் போக இன்னும் ஐந்தே அவுட் தேவைப்பட்டபோது, பார்வையாளர் வரிசைப் பக்கம் வந்த, கப்ஸ் ஃபீல்டர் பிடிக்கப் போன பந்தை ஒரு ரசிகர் தொட்டுவிட்டார். அவரைச் சுற்றி இருந்தவர்களும் கையை நீட்டினார்கள்; பழி விழுந்தது இவர் ஒருவர் மேல். அதற்குப் பிறகு கப்ஸ் அந்த இன்னிங்ஸில் 8 ரன் கொடுத்தது ஆட்டக்காரர்கள் சொதப்பியதால். ஆனால் அந்த மனிதரைப் பாதுகாப்போடு வெளியே கூட்டிப்போகும்படி ஆயிற்று, பல வருஷம் தலைமறைவாக வாழவும் நேர்ந்தது. 2017-இல் கப்ஸ் நிர்வாகம் அவருக்கு வெற்றி மோதிரம் ஒன்றைக் கொடுத்தது. இந்தக் கதையை மகளிடம் முழுசாகச் சொல்லுங்கள். டீமுக்காக அழலாம், டீமுக்காக ஒரு மனிதரைத் துரத்தக் கூடாது.

ஒரு மேட்சுக்கு நேரிலும் போய்விடுங்கள். ஏப்ரல் வேண்டாம், ஏரிக் காற்று எலும்பைக் குத்தும். ஜூனில் ஒரு வேலை நாள், பிற்பகல் 1:20 மேட்ச். ஆடிசன் ஸ்டேஷனில் ரெட் லைன் ரயிலை விட்டு இறங்கினால் மைதானம் எதிரிலேயே இருக்கும். உள்ளே போனதும் கொடிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பாருங்கள். காற்று ஏரியிலிருந்து உள்ளே அடித்தால் ஹோம் ரன் ஆக வேண்டிய பந்து கேட்சாக விழும். வெளியே அடித்தால் அன்று பிட்சர்கள் பாடு திண்டாட்டம். எல்லைச் சுவரில் 1937-இல் நட்ட ஐவி என்ற படர்கொடி அடர்ந்து கிடக்கும். பந்து அதற்குள் சிக்கினால் ஃபீல்டர் இரண்டு கையையும் தூக்கிவிடுவார், அடித்தவருக்கு இரண்டு பேஸ். ஸ்கோர்போர்டில் எண்களை இன்றும் உள்ளே ஆள் இருந்து கையால் மாற்றுகிறார்கள். ஜெயித்தால் 'டபிள்யூ' எழுதிய வெள்ளைக் கொடி ஏறும். ரயிலில் போகிறவர்களுக்கும் முடிவு தெரியட்டும் என்று வந்த வழக்கம்.

கிரிக்கெட்டை விட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: விட வேண்டாம். அதை அவளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுங்கள், வாங்கியதற்குப் பதில் கொடுத்த மாதிரி இருக்கும். முதலில் ஸ்கோர் நோட்டை வாங்கிவிடுங்கள். அழிக்கிற ரப்பரும் சேர்த்து வாங்குங்கள், முதல் மாசம் அது நிறைய தேவைப்படும்.