மேற்குக் கனடாவின் மலைகளை ரோமத்தோல் வியாபாரிகள் குளிர்காலத்தில் எப்படிக் கடந்தார்கள்?

நார்த் வெஸ்ட் கம்பெனி என்ற ரோமத்தோல் வியாபார நிறுவனத்தின் டேவிட் தாம்சன் 1811 ஜனவரியில் ராக்கி மலைத்தொடரின் அதபாஸ்கா கணவாயைக் கடந்த கதையைப் பார்த்தாலே விளங்கும். ஆசைப்பட்டு அந்த வழியில் போகவில்லை. தெற்கே ஹவுஸ் கணவாய்ப் பாதையை பிகானி என்ற பழங்குடி மக்கள் மறித்துவிட்டார்கள். தங்கள் எதிரிகளான கூட்டனே பழங்குடியினருக்கு இந்த வியாபாரிகள் துப்பாக்கி விற்றால் சும்மா விடுவார்களா? அதனால் தாமஸ் என்ற இரோக்வா பழங்குடி வழிகாட்டியை நம்பி வடக்கே சுற்ற வேண்டியதாயிற்று.

நாய்கள் இழுத்த சறுக்குவண்டிகளில் சாமான். ஆட்கள் பனிச்சப்பாத்து கட்டி நடந்தார்கள். உச்சியில் 20 அடிக் கழியைப் பனிக்குள் இறக்கியும் தரை தட்டவில்லையாம். அப்படிப்பட்ட இடத்தில் நெருப்பு மூட்டினால் பனி உருகி அடுப்பே உள்ளே போய்விடும். அதனால் பச்சைக் கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் மூட்டுவார்கள்.

வழக்கமான வழிச்சாப்பாடு பெமிக்கன். காட்டெருமை இறைச்சியை உலர்த்தி இடித்து, உருக்கிய கொழுப்பு கலந்து தோல்பையில் அடைத்தது. மாதக்கணக்கில் கெடாது, ருசி வேறு விஷயம்.

சரி, மலை இறங்கினால் கொலம்பியா ஆறு. அங்கே படகுக்கு ஏற்ற பிர்ச் மரப்பட்டை இல்லை. சிடார் மரத்தைப் பலகைகளாகப் பிளந்து, ஆணிக்குப் பதில் மர வேரால் தைத்துப் படகு கட்டினார்கள். 1821-இல் நார்த் வெஸ்ட் கம்பெனி தன் போட்டியாளரான ஹட்சன் பே கம்பெனியோடு இணைந்த பிறகும், தபாலும் ஆட்களும் பல ஆண்டுகள் இதே கணவாய் வழியாகத்தான் போய்வந்தார்கள்.