கே2 (பாலர் பள்ளி இரண்டாம் ஆண்டு) பிள்ளைகளோடு எரிக் கார்ல் பாணியில் படம் செய்தால் ஏன் அவர் படம் மாதிரி வருவதில்லை?

கேள்வி கேட்டவர் இங்கே சிங்கப்பூரில் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். வகுப்பில் ஆறு பிள்ளைகள். அமெரிக்கப் படப்புத்தக ஓவியர் எரிக் கார்லின் 'The Very Hungry Caterpillar' நூலில் பழங்களையும் பண்டங்களையும் தின்று பக்கங்களில் துளைபோட்டுக்கொண்டே போகும் கம்பளிப்பூச்சியின் கோட்டுப்படத்தை அச்சடித்துக் கொடுத்து, பச்சை வண்ணம் தீட்டச் சொல்லி, மேலே வண்ணத்தாள் ஒட்டியும் பார்த்திருக்கிறார். சப்பென்று இருக்கிறதாம்.

கோட்டுப்படத்தில் தொடங்கியதுதான் பிசகு. கார்ல் முதலில் தாளுக்கு வண்ணம் பூசினார். என்ன படம் என்பதெல்லாம் அப்புறம். வெள்ளை டிஷ்யூ தாளில் அகலத் தூரிகையால் அக்ரிலிக் வண்ணம் பூசுவார், காயவிடுவார், அதன்மேல் வேறொரு வண்ணத்தைக் கோடாக இழுப்பார், தெறிப்பார், ஸ்பாஞ்சால் ஒற்றுவார், கம்பளத் துண்டாலும் அழுத்துவார். இப்படிச் செய்த தாள்கள் சிவப்பு ஓர் இழுப்பறை, பச்சை ஓர் இழுப்பறை என்று நிறவாரியாகக் கிடக்கும். படம் தேவைப்படும்போது டிரேசிங் தாளில் உருவத்தை வரைந்து, பொருத்தமான வண்ணத்தாள்மேல் வைத்துக் கத்தியால் வெட்டி, சுவர்த்தாள் ஒட்டும் பசையைத் தடவி வெள்ளை அட்டையில் ஒட்டுவார். அந்தப் புழுவின் முதுகில் நாம் பார்க்கும் கோடும் திட்டும் புழுவுக்காகப் போட்டவை அல்ல. தாளில் ஏற்கெனவே இருந்தவை.

ஆரம்பத்தில் கடையில் விற்கும் வண்ண டிஷ்யூவைத்தான் அவரும் வாங்கினார். அது நாளடைவில் வெளுத்துப்போகும். தாமே வண்ணம் பூசத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர் வாழ்க்கையில் உங்கள் வகுப்புக்கு நேரடியாக உதவும் பகுதி ஒன்று உண்டு. 1929இல் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் பிறந்தவர். அங்கே படித்த முதல் வகுப்பறையில் வெயில் வெளிச்சம், பெரிய தாள்கள், பளீர் வண்ணங்கள், தடித்த தூரிகைகள். 1935இல் தாயின் ஊர் ஏக்கத்தால் குடும்பம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்பியது. அங்கே சின்னத் தாள், கெட்டிப் பென்சில், தப்புப் பண்ணாதே என்ற அதட்டல். போர் வந்ததும் தந்தை படைக்குப் போனார், சோவியத் முகாமில் கைதியாக இருந்து 1947இல்தான் திரும்பினார். சின்ன வயதில் மகனைக் காட்டுப்பக்கம் கூட்டிப்போய், கல்லைப் புரட்டி, அடியிலிருக்கும் பூச்சியைக் காட்டிவிட்டு, கல்லை மறுபடி அதே இடத்தில் வைத்தவர் அந்த அப்பாதான். பின்னாளில் மகன் செய்த சிலந்தி, சுவர்க்கோழி, பொறிவண்டுப் புத்தகங்களுக்கெல்லாம் விதை அங்கே விழுந்தது. பள்ளி ஓவிய ஆசிரியர் ஃபிரிட்ஸ் கிராவுஸ், நாஜி அரசு தடைசெய்திருந்த நவீன ஓவியங்களின் படிகளைத் தம் வீட்டில் ரகசியமாக அவருக்குக் காட்டினார். 1952இல் கையில் 40 டாலரோடு நியூயார்க் திரும்பிய கார்ல், அதன்பின் விளம்பரத் துறையில்தான் நெடுநாள் இருந்தார். 1967இல் பில் மார்ட்டின் எழுதிய பழுப்புக் கரடிப் புத்தகத்துக்குப் படம் செய்தபோதுதான் குழந்தைகள் பக்கம் வந்தார். 2021 மே 23இல் காலமானார்.

கோட்டுப்படத்துக்குள் வண்ணம் தீட்டச் சொல்வது, என்னைக் கேட்டால், அவர் விட்டு ஓடிவந்த அந்த ஸ்டுட்கார்ட் வகுப்பைப் பிள்ளைகளுக்கு மறுபடி கொடுப்பதுதான்.

இனி செய்முறை. இரண்டு நாள் வேண்டும், ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் கெடும்.

டிஷ்யூ என்றால் மூக்கு துடைப்பதல்ல. பரிசுப் பொருளைச் சுற்றி வரும், சலசலக்கும் மெல்லிய வெள்ளைத் தாள். பிராஸ் பசா வளாகத்துக் கலைப்பொருள் கடையில் கிடைக்கும். 50×70 செ.மீ. தாளை நான்காக வெட்டினால் பிள்ளைக்கு நான்கு துண்டு வீதம் ஆறு தாள் போதும். கிழிபடுவதற்கென்று இரண்டு கூடுதலாக வாங்குங்கள். அக்ரிலிக்கில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, 75 மில்லி குழாய் ஒவ்வொன்று. இரண்டு கரண்டி வண்ணத்துக்கு ஒரு கரண்டி தண்ணீர். அதற்குமேல் தண்ணீர் சேர்த்தால் தாள் நைந்து சுருண்டுவிடும்.

பள்ளியில் கிடைக்கிறதே என்று போஸ்டர் வண்ணத்தை எடுக்காதீர்கள். காய்ந்தாலும் அது தண்ணீரில் கரையும். மறுநாள் பசை பட்டதும் ஒழுகி எல்லாம் சேற்று நிறமாகும். அக்ரிலிக் காய்ந்தபின் கரையாது. அந்த நற்குணமே சீருடைக்கு எமன், ஆகவே பழைய டி-சட்டை போட்டு அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

அடியில் பழைய நாளிதழ் விரித்தால் டிஷ்யூ அதோடு ஒட்டிக்கொள்ளும், பிரியாது. கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் தாளை (baking paper) விரியுங்கள். தூரிகையை ஒரே திசையில் இழுக்க வேண்டும், முன்னும் பின்னும் தேய்த்தால் கிழியும். நம் ஊர் ஈரப்பதத்தில் மின்விசிறிக்கடியில் வைத்தாலும் ஒரு பூச்சு காய ஒருமணி நேரமாவது பிடிக்கும். அதற்குமுன் இரண்டாம் வண்ணம் பூசினால் கோடு நிற்காது, கலந்துவிடும். பச்சையை மட்டும் நாலைந்து விதமாகச் செய்யுங்கள்: மஞ்சள் தூக்கலாக ஒன்று, நீலம் தூக்கலாக ஒன்று, மஞ்சள்மேல் நீலக் கீற்றாக ஒன்று. உடல் ஒரே பச்சையாக இருந்தால் புழு வெண்டைக்காய் மாதிரி கிடக்கும்.

மறுநாள் வெட்டுவது. மெல்லிய தாளைத் தனியே வெட்டினால் கத்தரிக்கோல் கடித்துக் கிழிக்கும். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து வெட்டச் சொல்லுங்கள். உடலுக்கு ஆறேழு முட்டை வடிவங்கள், ஒன்றின்மேல் ஒன்று கால்வாசி ஏறியிருக்கும்படி. தலை சிவப்பு, கண் மஞ்சள், அதற்குள் பச்சை.

பசைக்குச்சி உதவாது, இழுக்கும்போதே தாளைக் கிழிக்கும். வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து தூரிகையால் அட்டையில் தடவி, டிஷ்யூவை அதன்மேல் இறக்குங்கள். கார்ல் தாளின் பின்பக்கம்தான் தடவினார், ஆறு வயதுக் கைக்கு அது சரிவராது. வீட்டு மைதாப் பசையும் வேண்டாம். இங்கே பூஞ்சை பிடிக்கும், மிஞ்சியதைச் செல்லுப்பூச்சி தின்னும். அட்டை 200 ஜி.எஸ்.எம்.-க்கு (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் கன அளவு) குறைந்தால் வளைந்துவிடும். ஒட்டியதைப் பேக்கிங் தாளுக்கிடையில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள்.

துளை போட்ட புத்தகமே செய்ய ஆசையிருந்தால் ஒரு தகவல். காகிதக் கட்டில் துளைப்பானால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கார்லுக்குத் துளைப் புத்தகத்தின் எண்ணம் வந்தது. முதலில் அது புத்தகப்புழு. பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸ் கம்பளிப்பூச்சியாக்கலாமே என்றதும், வண்ணத்துப்பூச்சி என்று இவர் முடித்துவைத்தார். துளையும் படிப்படியாக அகலும் பக்கமும் கொண்ட நூலைக் கட்டுப்படியாகும் விலையில் அச்சிட அமெரிக்காவில் ஆள் கிடைக்காமல், 1969இல் ஜப்பானில் அச்சானது. உங்களுக்கும் அதே இடத்தில்தான் சிக்கல் வரும்: சாதாரணத் துளைப்பான் தாளின் ஓரத்திலிருந்து இரண்டு செ.மீ. வரைக்கும்தான் எட்டும். எனவே பழங்களைக் கீழ் ஓரத்தை ஒட்டியே ஒட்டுங்கள். பசை முழுக்கக் காய்ந்தபின் துளையிடுங்கள், ஈரத்தில் போட்டால் டிஷ்யூ பிய்ந்து வரும். பக்க அகலம் 5, 10, 15, 20, 25 செ.மீ. என்று வைத்தால் கதையில் புழு தின்னும் பழங்கள், திங்களின் ஒன்றிலிருந்து வெள்ளியின் ஐந்துவரை, சரியாக அமையும். சனிக்கிழமை அது தின்னும் பத்துப் பண்டங்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். பரோட்டாவும் ஐஸ் கச்சாங்கும் கட்டாயம் வரும்.

கதையைத் தமிழில் சொல்லும்போது இரண்டு இடம் கவனம். சனிக்கிழமைப் பட்டியலில் வருவது முழு வெள்ளரிக்காயை ஊறவைத்தது. வெறுமனே ஊறுகாய் என்றால் பிள்ளைகள் மனத்தில் மாங்காயும் மிளகாய்த்தூளும்தான் வரும், படத்தைத் தேடுவார்கள். இன்னொன்று, வண்ணத்துப்பூச்சி பட்டுக்கூடு (cocoon) கட்டாதே, கார்ல் அந்தச் சொல்லை ஏன் போட்டார் என்று ஆங்கில வாசகர்கள் அவரிடம் கேட்டதுண்டு. தமிழில் அந்த வழக்கே எழாது. கூடு என்ற ஒரே சொல் பட்டுக்கூட்டுக்கும் வண்ணத்துப்பூச்சியின் கூட்டுக்கும் போதும்.

மிஞ்சிய வண்ணத்தாள்களைச் சுருட்டாமல், நிறம் பிரித்து, மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரம் ஏறினால் அக்ரிலிக் பூசிய பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் இடையிடையே பேக்கிங் தாள் வைக்க மறக்காதீர்கள்.